இருபத்தைந்தாவது வாசகி

பத்மஜாவுக்கு எழுத்தின் மேல் இருந்த நம்பிக்கை வேறு எதன் மேலும் கிடையாது. கணவர் சந்திரமௌலி வாங்கி வர வேண்டிய காய்கறியைப் பற்றி ஏதாவது சொன்னால்கூட, "வாயால சொன்னா மறந்துடும், ஒரு சீட்டுல எழுதி வெச்சுடுங்கோ" என்பாள். மும்பையில் அச்சான ஒரு தமிழ் நாளிதழில் பத்தொன்பது வருஷம் பிழை திருத்தியவள். தன் கையைத் தாண்டி ஒரு ஒற்றுப்பிழை வெளியே போனதில்லை என்று அவளே சொல்லிக்கொள்வாள். அதில் முக்கால்வாசி உண்மைதான். அந்தப் பத்திரிகை மும்பைப் பதிப்பை மூடிய அன்று ஆபீஸில் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். பத்மஜா மூடல் அறிவிப்பில் இருந்த இரண்டு பிழைகளைச் சுழித்துக் கொடுத்துவிட்டு, டிபன் டப்பாவைக் கழுவி எடுத்துக்கொண்டு மாட்டுங்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

பிறகு இரண்டு வருஷம் வீட்டில் இருந்தாள். மகள் ஷ்ருதி கல்யாணமாகிப் புனேவுக்குப் போய்விட்டாள். சந்திரமௌலி இன்ஷூரன்ஸ் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்று, காலை முழுக்கப் பேப்பரும் மாலை முழுக்கத் தூக்கமுமாக இருந்தார். பத்மஜா சுபமுகூர்த்தப் பத்திரிகைகளிலும் ஊறுகாய்ப் பாட்டில்களிலும் பிழை தேடினாள். ஐம்பது வயதுக்காரிக்கு இந்த ஊரில் தமிழுக்காக வேலை கொடுப்பவர் யார்? அதனால்தான் செம்பூரில் 'உடனடி மும்பை' என்ற செய்தித் தளத்துக்கு ஆள் தேவை என்று தெரிந்ததும், மறுநாளே புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு போய் நின்றாள். வேலை கிடைத்தது. கிடைத்த வேலையை இழக்கக் கூடாது என்ற பயமும் அன்றைக்கே கூட வந்தது.

'உடனடி மும்பை' ஒரு துணிக்கடைக்கு மேலே இருந்தது. ஐந்து மேசை, ஒரு ஏசி, சுவரில் பெரிய டிவி. அந்த டிவியில் செய்தி ஓடாது. எந்தச் செய்தியை இந்த நிமிஷம் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்ற எண்கள் ஓடும். அதை நடத்துகிற நிகிலுக்கு இருபத்தொன்பது வயது. தமிழ் சரளமாகப் பேசுவான், படிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டுவான். நல்ல பையன்தான், குரலை உயர்த்த மாட்டான். அவன் ஆபீஸில் செய்திக்காக யாரும் படி இறங்கிப் போனதில்லை. மற்றவர்கள் போட்டதைப் பார்த்து, வார்த்தையை மாற்றி, தலைப்பை உரக்க வைத்துப் போடுவதுதான் வேலை.

நிகிலின் தலைவலி பெரிய பத்திரிகைகளின் தளங்கள் அல்ல. "அவங்களோட நாம போட்டி போட முடியாது மேம், சோடோ, விடுங்க. ஆனா இந்த பிளாக்காரங்க நம்ம ஏரியாலயே நம்மள சாப்பிடறாங்க. போன் ஒண்ணு வெச்சிண்டு ஒரு ஆள் நம்மளுக்கு மேல வரான், பாருங்க" என்று டிவியைக் காட்டுவான்.

அந்த ஒரு ஆள், தமிழ்க் கூலிக்காரர்கள் நெருக்கியடித்துக் குடியிருக்கும் மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் பை தைக்கும் கரீம் பாட்சா. இணையத்தில் அவர் எழுதும் பிளாக்குக்குப் பெயர் 'கேம்ப் சேதி'. விடிந்ததும் மிஷினை மிதிப்பதற்கு முன்னால் சந்து சந்தாக நடப்பார். எந்தக் குழாயில் தண்ணீர் வருகிறது, எந்தப் பள்ளிக்கூடத்தில் அட்மிஷன் ஆரம்பித்திருக்கிறது, யார் வீட்டில் சாவு, எடுப்பது எத்தனை மணிக்கு என்று கண்ணால் பார்த்து வந்து நாலு வரி எழுதுவார். எழுத்துக்குக் கீழே ஐந்து நிமிஷம் பேசிப் பதிவு செய்து போடுவார். கேம்ப்பில் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தமிழ் பேச்சாக வரும், எழுத்தாகத் தெரியாது. ஆகவே எழுத்து கூகுளுக்கு, வாய் சனங்களுக்கு என்பது பாட்சாவின் ஏற்பாடு. ஒரு தடவை எழுதியதை அவர் திரும்பத் தொடவே மாட்டார். ஏதாவது மாறினால், கீழே இன்னொரு தடவை பேசிப் போட்டுவிடுவார். அவருடைய ஆட்கள் எல்லோருக்கும் இது தெரியும்.

பத்மஜாவுக்கும் அந்தப் பக்கத்தில் கேட்பதற்கு ஒரு பட்டன் இருப்பது தெரியும். ஒரு நாளும் அழுத்தியதில்லை. எழுதியிருப்பதைக் காதால் கேட்பது படிக்கத் தெரியாதவர்களுக்கான வசதி என்பது அவள் அபிப்பிராயம்.

மழைக்காலம் ஆரம்பித்தபோது நிகில் ஒரு திட்டத்தோடு வந்தான். ஆபீஸில் இருக்கும் ஒவ்வொருவரும் இருபத்தைந்து பேரின் போனில் 'உடனடி மும்பை' மணியை வைக்க வேண்டும். புதுச் செய்தி வந்தால் மணி அடிக்கும், அவர்கள் தொட்டுத் திறப்பார்கள், டிவியில் எண் ஏறும். பத்மஜா கட்டிடத்தில் இருந்தவர்கள், பாட்டு கிளாஸ் சிநேகிதிகள், நாத்தனார் குடும்பம் என்று தேடித் தேடி இருபத்துநாலு பேரைப் பிடித்துவிட்டாள். ஒருவர் குறைந்தது. அந்த வாரக் கடைசியில், பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த மீனாட்சியம்மாளின் ஞாபகம் வந்தது.

மீனாட்சியம்மாள் பன்னிரண்டு வருஷமாக அந்த வீட்டுக்கு வருகிறவள். லேபர் கேம்ப்பில் மூன்றாவது சந்து. ஊரில் ஐந்தாவது வரை படித்தவள் என்பதால் பெரிய எழுத்தென்றால் நின்று நிதானமாகப் படித்துவிடுவாள்.

"மீனாட்சி, உன் போனைக் குடு. ஒரு மணி வெச்சுத் தரேன்."

"எதுக்கு மாமி?"

"எங்க நியூஸ் வந்தா அடிக்கும். ஒரு தடவை தொட்டுத் தொறந்தா போறும்."

"நாங்க பாட்சா அண்ணன் பேசுறதத்தான் மாமி கேப்போம். காலைல அவுக சத்தம் கேக்காம எங்க சந்துல அடுப்பு பத்தாது."

"அவர் பேசறார், சரி. இது நியூஸ்டீ. படிச்சவா நாலு பேர் பார்த்து எழுதறது. இனிமே இதைப் பாரு. எனக்கும் ஒத்தாசையா இருக்கும்."

நாலு பேர் பார்ப்பது சுவரில் இருக்கும் டிவியை என்பதை அவள் சொல்லவில்லை. ஒத்தாசை என்று கேட்டதும் மீனாட்சியம்மாள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை நீட்டிவிட்டாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள் அவள். மறுநாளிலிருந்து பாட்சாவின் குரலை விட்டுவிட்டு மணி அடித்தால் மட்டும் பார்த்தாள். இருபத்தைந்தாவது வாசகி கிடைத்ததில் நிகில் பத்மஜாவுக்குக் கைதட்டினான், மற்ற நாலு பேரையும் தட்டச் சொன்னான். அந்தக் கைதட்டல் அவளுக்குப் பிடித்திருந்தது.

ஆகஸ்ட்டில் ஒரு திங்கட்கிழமை லேபர் கேம்ப்பில் குழாய்த் தண்ணீர் நாறியது. எங்கேயோ குழாய் உடைந்து சாக்கடை கலந்திருக்கிறது என்று முதலில் எழுதியது 'கேம்ப் சேதி'. மீனாட்சியம்மாள் வீட்டில் அப்போது மகள் மாரீஸ்வரி இருந்தாள். விக்ரோலியில் வாக்கப்பட்டவள், வளைகாப்பு முடிந்து முதல் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். எட்டு மாதம். பத்மஜா இதைக் கேட்டதும் இரண்டு பெரிய பாட்டில்களில் ஃபில்டர் தண்ணீரைப் பிடித்து, "பிள்ளைத்தாச்சிக்கு இதைத் தவிர வேற தண்ணி குடுக்காதே" என்று கொடுத்தனுப்பினாள். செவ்வாயும் கொடுத்தாள், புதனும் கொடுத்தாள். அவள் மனசு கெட்டது என்று யாரும் சொல்லிவிட முடியாது.

புதன்கிழமை சாயங்காலம் பாட்சா எழுதினார்: 'குழாயைச் சரிசெய்தாச்சு. வியாழன் காலையிலிருந்து தண்ணீர் குடிக்கலாம் என்று முனிசிபாலிட்டி வார்டு ஆட்கள் சொன்னார்கள்.' வியாழன் விடியற்காலை சந்துகளில் நடந்தார். பிறகு எழுத்துக்குக் கீழே பேசிப் போட்டார்.

அதே வியாழன் காலை ஏழே காலுக்குப் பத்மஜா கிங்ஸ் சர்க்கிளில் ரயில் ஏறினாள். வடாலாவில் இறங்கி மாறுவதற்குள் நிகிலிடமிருந்து மெசேஜ்: 'கேம்ப் தண்ணி மேட்டர் டாப்ல இருக்கு. எட்டுக்குள்ள நாம போடணும்.' செம்பூர் வண்டியில் லேடீஸ் பெட்டியில் நின்றபடியே அவள் பாட்சாவின் பக்கத்தைத் திறந்தாள். எழுத்தைப் படித்தாள். கீழே இரண்டு ஒலிப்பதிவுகள் இருந்தன. இரண்டாவதில் காலை ஆறு மணி என்று போட்டிருந்தது. இயர்போன் பைக்குள் அடியில் கிடந்தது. ஒரு கை கம்பியில், ஒரு கையில் போன். எழுத்துதான் தெளிவாக இருக்கிறதே என்று நினைத்தாள். கட்டைவிரலால் அடித்தாள், ஒற்றுகளைச் சரிபார்த்தாள், தலைப்பு வைத்தாள்: 'லேபர் கேம்ப் மக்களுக்கு நிம்மதி! இன்று முதல் தண்ணீர் குடிக்கலாம்!' பிழையே இல்லை. எட்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அனுப்பினாள்.

எட்டே காலுக்கு மாட்டுங்காவில், பத்மஜாவின் சமையலறையிலேயே, மீனாட்சியம்மாளின் போனில் மணி அடித்தது. அவள் அப்போது பாட்டிலைப் பிடித்து மூடிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் வீடு திரும்பிய பத்மஜா, மேடையில் இரண்டு பாட்டிலும் நிரம்பி நிற்பதைப் பார்த்தாள்.

"இதை ஏன் எடுத்துண்டு போகலை?"

"வேண்டாம்னுட்டா" என்றார் சந்திரமௌலி, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். "மாமி ஆபீஸ்லயே தண்ணி நன்னா ஆயிடுத்துன்னு போட்டாச்சுன்னு எங்கிட்ட படிச்சுக் காட்டினா. அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு."

பத்மஜாவுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை அவள் பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்து வெட்கப்பட்டாள். தான் எழுதியதை ஒருத்தி நம்பி, அதன்படி ஒரு காரியம் செய்திருக்கிறாள் என்பது பத்தொன்பது வருஷப் பிழைதிருத்தத்தில் கிடைக்காத சுகமாக இருந்தது. அந்தத் தண்ணீரில் ஒரு டம்ளர் ஊற்றிக் குடித்துவிட்டு, மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை மீனாட்சியம்மாள் வரவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை.

மத்தியானம் ஆபீஸில் பத்மஜா தற்செயலாகத் தன் செய்தியைத் திறந்தாள். தலைப்பு மாறியிருந்தது: 'லேபர் கேம்ப்: தண்ணீர் குடிக்க வேண்டாம், எச்சரிக்கை!' கீழே அதே வியாழக்கிழமை, அதே ஏழு ஐம்பத்தைந்து. நேற்று வேறு மாதிரி இருந்தது என்பதற்கு ஒரு அடையாளமும் இல்லை.

"நிகில், இது யார் மாத்தினா?"

"நான்தான் மேம். யாரோ கமென்ட்ல கத்திண்டிருந்தாங்க. அந்த பிளாக்காரர் ஆடியோல வேற மாதிரி சொல்லியிருக்காராம். இப்போ சரியா இருக்கு, டென்ஷன் ஆகாதீங்க."

"நேத்திக்குப் படிச்சவாளுக்கு?"

நிகில் டிவியைப் பார்த்தான். "நேத்து படிச்சவங்க நேத்தே போயிட்டாங்க மேம்."

பத்மஜா பைக்குள் கையை விட்டு இயர்போனைத் தேடி எடுத்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பாட்சாவின் பட்டனை அழுத்தினாள். தொண்டை கட்டிய, அவசரமில்லாத குரல்.

"நேத்து எழுதுனத விட்டுருங்க. இன்னிக்குக் காலைல நான் போய்ப் பாத்துட்டேன். ரெண்டாவது சந்து வரைக்கும் சரி. மூணாவது சந்துல இருந்து அந்தப் பக்கம் பூரா இன்னும் பழைய குழாயிலதான் வருது. நாத்தம் இல்லையேன்னு குடிச்சிராதீங்க. பச்சப்புள்ளக்காரி, பிள்ளத்தாச்சி இருக்க வீட்டுல பாத்துச் செய்ங்க. அம்புட்டுதான்."

மூணாவது சந்து. மாரீஸ்வரி இருந்த வீடு அங்கேதான் என்று பத்மஜாவுக்குத் தெரியும். மறுபடி மீனாட்சியம்மாளுக்குப் போன் செய்தாள். அன்று முழுக்கப் பதினாறு தடவை செய்தாள்.

சனிக்கிழமை காலை ஒரு பக்கத்து வீட்டுப் பெண் போனை எடுத்து, பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு என்று சொன்னாள். பத்மஜா ஆபீஸுக்கு ஒரு மெசேஜ் போட்டுவிட்டு நேரே அங்கே போனாள். மாரீஸ்வரி கையில் சலைன் ஏற, முகம் ஒட்டிப்போய்த் தூங்கிக்கொண்டிருந்தாள். வியாழன் ராத்திரி ஆரம்பித்த வாந்தியும் பேதியும் வெள்ளிக்கிழமை நிற்கவில்லை. சாயங்காலம் வலி எடுத்துவிட்டது. பெண் குழந்தை, ஒன்றரைக் கிலோ. தனி அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். மூன்று நாள் தாண்டினால் சொல்லலாம் என்றார்களாம்.

மீனாட்சியம்மாள் கட்டில் காலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். பத்மஜாவைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"வாங்க மாமி. உக்காருங்க. நீங்க எதுக்கு இவ்வளவு தூரம்…"

"என்ன ஆச்சு மீனாட்சி?" தெரிந்ததையே கேட்டாள்.

"பக்கத்து வீட்டு அக்கா அப்பவே சொன்னாவ மாமி, பாட்சா அண்ணன் குடிக்காதன்னு சொல்லுதாருன்னு. நாந்தான், அவுக வாயால பேசுறாவ, இது படிச்சவுக எழுதுனதுன்னு எம் மகளுக்கு மொண்டு குடுத்தேன்." சத்தமில்லாமல் அழுதாள். பிறகு பத்மஜாவின் முகத்தைப் பார்த்து, இவளைத் தேற்றுவது தன் வேலை என்பதுபோலச் சொன்னாள்: "நீங்க என்ன மாமி செய்வீங்க. ஆபீசுல யாரோ எழுதிப்புட்டாவ. உங்க கண்ணுல பட்டிருந்தா விட்டிருக்கவா போறீங்க?"

பத்மஜா வாயைத் திறந்தாள். "டீ வாங்கிண்டு வரேன்" என்று சொல்லி வெளியே வந்துவிட்டாள். இதைத்தான் கோழைத்தனம் என்பார்கள், அவளுக்கும் அது தெரிந்துதான் இருந்தது.

வராந்தாவில் ஒரு ஒல்லியான ஆள், காதில் தையல் சுண்ணாம்பு செருகியிருக்க, போனைப் பிடித்தபடி ஒரு கிழவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். "பேரு சொல்லுங்க. எந்தச் சந்து? என்னிக்கு இருந்து வயிறு போவுது?" குரலைக் கேட்டதும் யாரென்று தெரிந்துவிட்டது. மூன்றாவது, நாலாவது சந்துக்காரர்கள் ஏழு பேர் அந்த ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். பெயர்களைச் சேர்த்து வார்டு ஆபீஸுக்குக் கொண்டுபோகப் பார்த்தார். கிழவரிடம் கேட்டு முடித்ததும் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று தன் பங்கைப் பேசிப் பதிவு செய்தார்.

"ஒரு வெப்சைட்டுல நம்ம எழுத்த எடுத்துப் போட்டிருக்காவ. அதப் பாத்துத்தான் ரெண்டு மூணு வீட்டுல குடிச்சிருக்காங்க. அவங்கள என்ன சொல்ல? நான் எழுதுனத நானே மாத்தியிருக்கணும். வாயால சொன்னாப் போதும்னு விட்டது என் தப்பு. எல்லாரும் மன்னிக்கணும்."

பத்து நிமிஷத்தில் பத்மஜாவின் போன் அதிர்ந்தது. நிகில்.

"மேம், கேட்டீங்களா? அவரே ஒத்துண்டுட்டார்! 'பிளாக்கரின் தவறான தகவலால் ஏழு பேர் ஆஸ்பத்திரியில்'. இதான் ஹெட்லைன். நீங்க ஸ்பாட்லயே இருக்கீங்களாமே, சூப்பர். அரை மணில குடுத்திருங்க. இனிமே அவரை யாரும் திறக்க மாட்டாங்க."

"அதை எழுதினது அவர் இல்லை, நிகில். நான்."

"அவர் எழுதினதைத்தானே நாம எழுதினோம்? உங்க பேரே அதுல இல்லையே மேம், 'செய்திப் பிரிவு'ன்னுதான இருக்கு. யாருக்குத் தெரியப் போறது?"

அவன் மிரட்டவில்லை, தைரியம்தான் சொன்னான். அவள் ஒன்றும் எழுதாமல் இருந்தால்கூடப் போதும். வேலை இருக்கும், மீனாட்சியம்மாளின் மரியாதையும் இருக்கும். வராந்தா கோடியில் பாட்சா அடுத்த படுக்கையைத் தேடிப் போய்க்கொண்டிருந்தார்.

"நான் எழுத மாட்டேன்" என்றாள் பத்மஜா. "நாளையிலேருந்து வரவும் மாட்டேன்." போனை வைத்தாள். அந்தச் செம்பூர் மேசை போனது போனதுதான்.

பாட்சாவின் பின்னால் வேகமாக நடந்து போய் அவரை நிறுத்தினாள். "நான் ஒண்ணு சொல்லணும். உங்க போன்ல."

அவர் அவளையும் நோயாளி வீட்டு ஆள் என்றே நினைத்தார். போனை நீட்டினார். "பேரு சொல்லுங்கம்மா. எந்தச் சந்து?"

அவள் சொன்னாள். பாட்சா கேட்டு முடித்துப் பதிவை நிறுத்தினார். பிறகு, "போடட்டுமா?" என்று மட்டும் கேட்டார். அவள் தலையாட்டினாள்.

டீயை வாங்கிக்கொண்டு வார்டுக்குள் திரும்பியபோது மீனாட்சியம்மாள் போனைக் கையில் வைத்திருந்தாள்.

"மாமி, கோவிச்சுக்கிடாதீங்க. அந்த மணிய எடுத்து விட்டுருங்களேன். அடிச்சாலே நெஞ்சு பதறுது."

பத்மஜா போனை வாங்கினாள். இருபத்தைந்து பேருக்கு வைத்துக் கொடுத்தவள். எடுப்பது எப்படி என்று ஆபீஸில் யாரும் சொல்லித் தரவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்து மூடி, கடைசியில் கண்டுபிடித்து எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். மீனாட்சியம்மாள் அதை வாங்கிய கையோடு, பழைய வழக்கப்படி 'கேம்ப் சேதி'யைத் திறந்து கடைசிப் பதிவின் பட்டனை அழுத்தினாள். பத்மஜாவுக்கு வாசல் பத்தடி தூரத்தில்தான் இருந்தது. அவள் போகவில்லை.

"என் பேர் பத்மஜா. மாட்டுங்கா, லட்சுமி நிவாஸ், மூணாவது மாடி. வியாழக்கிழமை தண்ணி குடிக்கலாம்னு 'உடனடி மும்பை'ல எழுதினது நான். பாட்சா சார் எழுதினதைப் பார்த்தேன், பேசினதைக் கேக்கலை. கேக்கறதுக்குப் பட்டன் இருந்தது, அழுத்தலை. தப்பு அவரோடது இல்லை. என்னோடது."

மீனாட்சியம்மாள் நிமிர்ந்து பார்க்கவில்லை. மகள் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு போனைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து அழுத்தினாள். பத்மஜா இரண்டு டீயையும் கையில் பிடித்தபடி, அது முடிகிறவரைக்கும் நின்றுகொண்டிருந்தாள்.